பிளாஸ்திரி ஒட்டிய படம்

முதுகெலும்பு டாக்டர் ஹமீதா பானுவிடம் பயிற்சிக்கு வந்தவர் இளம்பரிதி. தங்கமான பிள்ளை. லிஃப்ட் ரிப்பேரானால் எங்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கி வருவதே அவர்தான். வாய்தான் கொஞ்சம் அவசரம். நான் அங்கே ஸ்கேன் எடுக்கிறவள். இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அபிநயாவுக்கு இருபத்து நான்கு வயது. இடுப்பு வலி என்று வந்தாள். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு இளம்பரிதி, "ஜவ்வு தேஞ்சிருக்கும்மா. வெயிட்டே தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். வலி குறையவில்லை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை அவள் துப்பட்டாவை இழுத்து, "தூக்கு, தூக்கு" என்று அழுகிறது. இவளும் அழுகிறாள், ஆனால் குனியவில்லை.

மேடம் அவளைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி, தட்டி, பொறுமையாகப் பார்த்தார்.

"வலி நிஜந்தாம்மா. ஆனா பயப்பட ஒண்ணுமில்ல, குறைஞ்சிடும். பிள்ளையைத் தூக்கு."

"ஜவ்வு தேஞ்சிருக்கே டாக்டர்!"

அவள் நம்பவில்லை. வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

இளம்பரிதியும் விடவில்லை. "படத்துல தெரியுதே மேடம். படம் பொய் சொல்லுமா?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "சித்திரையில எடுத்தோமே, அந்தப் படத்தை எடு. பேர் மேல பிளாஸ்திரி ஒட்டிக் கொடு."

ஒட்டிக் கொடுத்தேன். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

படத்தை வெளிச்சத்தில் வைத்ததும், "ஐயோ பாவம்" என்றார் இளம்பரிதி. "ரெண்டு ஜவ்வு கறுத்துப்போச்சு. ஒண்ணு பிதுங்கியிருக்கு. அபிநயாவுக்கு இருக்கிறதைவிட மோசம் மேடம்."

"இவருக்கு என்ன சொல்லுவே?"

"ஒரு குடம் தண்ணிகூடத் தூக்காதீங்கன்னு சொல்லுவேன்."

"இன்னைக்குக் காலையிலதான் தண்ணி கேனைத் தோள்ல வச்சு மூணு மாடி ஏறி வந்தாரேப்பா."

இளம்பரிதி மெதுவாகப் பிளாஸ்திரியை உரித்தார். சித்திரையில் புது மெஷின் வந்த அன்று, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அதில் படுத்தவர் அவர்தான். அந்தப் படத்தை அவர் அப்புறம் கேட்கவே இல்லை.

"எனக்கு ஒரு நாள்கூட முதுகு வலிச்சதில்லையே மேடம்!"

வெளியே குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

மேடம் அவர் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அதை அவகிட்டப் போய்ச் சொல்லு. படத்தையும் எடுத்துக்கிட்டுப் போ."