கயிறு இழுக்க மாடு போதும்

சோறு போடுவதிலும் ஆள் பார்க்கிற ஜமீன்தார் ஒருத்தர் இருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு மரக் கடைசல்காரன் மாசானம் அரண்மனை முற்றத்திலேயே குங்குமச்சிமிழ் கடைந்துகொண்டிருந்தான். அவன் உளி பிடிக்க, மனைவி பேராச்சி கயிற்றை முன்னும் பின்னும் இழுத்து மரத்தைச் சுழற்றினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பந்தியில் உட்கார்ந்த பேராச்சியை ஜமீன்தார் எழுப்பிவிட்டார். "உளி பிடிச்சவனுக்குத்தான் சோறு. கயிறு இழுக்க மாடு போதும்டி!"

"அப்ப மாட்டையே கட்டுங்க!" என்று சீறினாள் பேராச்சி.

கட்டினார்கள். மாடு கயிற்றை உருவிக்கொண்டு வைக்கோற்போருக்குப் போய்விட்டது.

தெருமுனையில் மாப்பிள்ளை வீட்டு மேளம் கேட்டது. சிமிழ் பாதியில் நின்றது. "வந்து இழு தாயி!" என்று ஜமீன்தார் பதறினார்.

"சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். அதுவரைக்கும் நீங்க இழுங்க."

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜமீன்தார் கயிற்றைப் பிடித்தார்.

இலை முன்னாலிருந்து பேராச்சி கத்தினாள்: "மாடுதான் முன்னால மட்டும் போகும் சாமி! நீங்க பின்னாலயும் வாங்க!"