காத்தமுத்துவின் காகிதங்கள்

கோத்தகிரியில், பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றின் மாடியில் ஓர் ஆவணக் காப்பகம் இருந்தது. அந்த மலையில் வாழ்ந்து முடித்தவர்களின் காகிதங்களும், கலைந்துபோன சங்கங்களின் கோப்புகளும் அங்கே வந்து சேரும். அதைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர். முன்பு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். அதனால் எல்லோருக்கும் அவர் எஸ்தர் டீச்சர்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள யோகமலர் வந்தபோது அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. டீச்சரைவிட மூத்தவள். டீச்சர் அவளை அக்கா என்றார். அவள் டீச்சர் என்றாள்.

முதல் நாள் டீச்சர் ஒரு கட்டுக் காகிதத்தை அவள் முன் வைத்தார்.

"துருப்பிடிச்ச குண்டூசிய எடுக்கலாம். தூசியத் துடைக்கலாம். மடிப்பப் பிரிக்கலாம். அவ்வளவுதான்க்கா."

"தேதிவாரியா அடுக்க வேண்டாமா?"

"வெச்சவரு எப்படி வெச்சாரோ அப்படியே இருக்கட்டும்."

"தப்பா வெச்சிருந்தா?"

"தப்பும் அவரோடதுதான்."

யோகமலர் பொறுமைசாலி. சீக்கிரம் கற்றுக்கொண்டாள். மூடிப்போன பால் சொசைட்டியின் தீர்மானங்களை அவளே தனியாகப் பார்த்து முடித்தாள். ஹோமியோபதி வைத்தியர் ஒருவரின் நாட்குறிப்புகளையும் முடித்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு ஜீப் வந்து நின்றது. தாயகம் திரும்பியோர் நலச் சங்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்திருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு நீலகிரிக்கு வந்த குடும்பங்களுக்காக நடந்த சங்கம் அது. அதன் செயலாளர் காத்தமுத்து போன தை மாதம் இறந்திருந்தார். சங்கத்தின் கோப்புகளும் அவருடைய சொந்தக் காகிதங்களும் ஒரே மூட்டையாக வந்தன. பிரித்து வைக்க யாராலும் முடியவில்லை.

காத்தமுத்து யோகமலரின் அப்பா.

"வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமாக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"நானே பாக்குறேன் டீச்சர்."

மழைக்காலம் முழுவதும் அவள் அந்தக் காகிதங்களோடு இருந்தாள். பெரும்பாலும் மனுக்கள். கப்பலில் ஏறும்போது பிரிந்துபோன பிள்ளைகளைத் தேடும் மனுக்கள். சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் படிப்பை நிறுத்தியவர்களுக்கான மனுக்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. 'பிள்ளையின் பெயர் இந்திராணி. வயது ஏழு. இடது கன்னத்தில் மச்சம். கூப்பிட்டால் உடனே திரும்பாது, இரண்டு தடவை கூப்பிட வேண்டும்.'

யோகமலர் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள்.

சின்ன வயதில் அவர்கள் வீட்டில் எப்போதும் ஆட்கள் காத்திருப்பார்கள். அவள் உள் அறையில் பாயில் படுத்துக்கொண்டு அப்பாவின் குரலைக் கேட்பாள். "சொல்லுங்கம்மா, பிள்ளைக்கு என்ன பிடிக்கும்? எதுக்கு அழும்?" அவ்வளவு மெதுவாகக் கேட்பார். அந்தக் குரலில் தன்னிடம் ஏதாவது கேட்கமாட்டாரா என்று நினைத்தபடியே தூங்கிப்போவாள்.

கடைசிப் பெட்டியும் முடிந்தது. அம்மா அந்தக் காகிதங்களில் இரண்டு இடத்தில் இருந்தாள்: குடும்ப அட்டையில், இறப்புச் சான்றிதழில். யோகமலர் குடும்ப அட்டையில் மட்டும் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்.

"டீச்சர், ஒருத்தரோட காகிதத்துல நாம இல்லேன்னா, அவரு மனசுலயும் இல்லேன்னுதானே அர்த்தம்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பவர் போல அதைத் துடைத்தார்.

"தெரியலக்கா. காகிதம் மனசு வரைக்கும் போகாது."

"அப்போ எங்க போய்ப் பாக்குறது?"

டீச்சர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் யோகமலர் பெட்டிகளைச் சரிபார்க்கக் கொடுத்தாள். டீச்சர் ஒவ்வொரு உறையாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பெட்டியில் கை நின்றது.

மஞ்சள் தாளில் அச்சடித்த பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ். நிகழ்ச்சி நிரலில் முதல் வரி: 'இறைவணக்கம்: செல்வி கா. யோகமலர், ஐந்தாம் வகுப்பு.' மேல் ஓரத்தில் பென்சிலால் குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'அப்பாவுக்கு.'

"இது எங்க இருந்துச்சுக்கா?"

"அந்தக் கட்டுலதான் டீச்சர்."

டீச்சர் அந்த உறையிலிருந்த மற்ற தாள்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். காத்தமுத்து எல்லாக் காகிதத்தையும் கம்பியில் குத்தி வைப்பவர். ஒவ்வொரு தாளின் நடுவிலும் துரு படிந்த ஓட்டை இருந்தது. அழைப்பிதழில் இல்லை.

யோகமலர் அதைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓட்டை போடக் கோணூசிய எடுத்தேன் டீச்சர். குத்த மனசு வரல."

டீச்சர் எதிரில் உட்கார்ந்தார்.

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள் யோகமலர். "நாம எல்லாரும் போன பிறகு யாராவது ஒருத்தர் வந்து இந்தப் பெட்டியத் திறப்பாங்க. ஊருக்கே மனு எழுதின மனுசன், அதுக்கு நடுவுல பொண்ணோட அழைப்பிதழையும் பத்திரமா வெச்சிருந்தாருன்னு நினைக்கட்டுமே. அந்த ஒருத்தராவது நினைக்கட்டுமே."

மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"விழாவுக்கு வந்தாரா?" என்று டீச்சர் கேட்டார்.

"இல்ல. பாடும்போது வாசலையே பாத்துட்டிருந்தேன். பாதியில வரி மறந்துபோச்சு." அவள் சிரிக்க முயன்றாள். "அன்னைக்கு அவரு, கப்பல்ல வந்து இறங்கினவங்க தங்கியிருந்த மண்டபம் முகாம்ல இருந்திருக்காரு. இப்பதான் தெரியும். முகாம்ல ஒரு அம்மாவுக்கு மனு எழுதியிருக்காரு. அந்தத் தேதி போட்ட நகல் அதே உறையில இருக்கு. நல்ல மனு டீச்சர். நானா இருந்தாலும் போகச் சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு அழுதாள்.

டீச்சர் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அழைப்பிதழை உறையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார். யோகமலர் வாங்கவில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது டீச்சர். இத்தனை வருசம் கிடந்த டிரங்குப் பெட்டிக்குள்ள திரும்பவும் போட முடியாது."

"இந்தப் பெட்டியிலயும் இருக்க முடியாதுக்கா."

"தெரியும். அவரு வெச்சது இல்ல."

"ஆமா. அவரு வெச்சது இல்ல."

டீச்சர் எழுந்து அலமாரிப் பக்கம் போனார். தட்டையாக இருந்த ஒரு புது அட்டைப் பெட்டியோடு வந்தார். பிரித்து மடித்து, மூலைகளை அழுத்தி, மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு வெள்ளை உறை. உறைக்குள் அழைப்பிதழ். பிறகு பேனாவை எடுத்துப் பெட்டியின் முகப்பில் எழுதினார்: கா. யோகமலர்.

யோகமலர் அந்தப் பெயரைப் பார்த்தபடி இருந்தாள்.

"நான் என்ன பண்ணிட்டேன் டீச்சர், எனக்குப் பெட்டி வைக்க? ஒரே ஒரு தாள். இதை யாரு கேட்டு வரப்போறாங்க?"

டீச்சர் காத்தமுத்துவின் பெட்டிகள் இருந்த வரிசையில் கடைசிப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினார். புதுப் பெட்டியை அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தார்.

"உங்க அப்பாவைத் தேடி வருவாங்கக்கா. அவரு எங்கெங்க போனாரு, யாருக்காகப் போனாருன்னு அவரோட பெட்டியில இருக்கு. அவரு எப்ப வருவாருன்னு பாத்துட்டே ஒரு பிள்ளை பாடினது அவருக்கே தெரியாது. அது இதுலதான் இருக்கு."