குழாய்க்கு முதல் கற்பூரம்

ஆயுத பூஜையன்று, கண்ணாடி ஆலை மேலாளர் தெய்வசிகாமணி முன்னே ஒப்பந்தத் தொழிலாளி அஞ்சுகம் நின்றாள். எரிவாயுக் குழாயின் மேல் அவள் பாய்ச்சிய ஒளி குறைந்து திரும்பியதாக, கசிவைக் கண்டறியும் கருவி காட்டியிருந்தது.

“கசியுற வாயு வெளிச்சத்தை விழுங்குது சார். குழாயை மூடணும்.”

“வெளிச்சத்தைத் தின்னுற வாயுவா? என் கண்ணுக்கும் தெரியலை, மூக்குக்கும் தெரியலை. இப்பவே காட்டு, இல்லைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“அப்ப கருவிதான் பொய் சொல்லுது போல சார்.” அஞ்சுகம் பூஜைத் தட்டை நீட்டினாள். “குழாய்க்கு முதல் கற்பூரம் நீங்களே ஏத்துங்க.”

அவர் தட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், மெல்லப் பின்வாங்கினார்.

“கற்பூரம் வாசல்ல ஏத்திக்கலாம்.”

“குழாய் சார்?”

“மூடித் தொலை.”

கண்ணும் மூக்கும் காணாத வாயுவை அவருடைய கால்கள் கண்டுகொண்டன. தட்டில் தீப்பெட்டியே இல்லை என்பது அஞ்சுகத்துக்கு மட்டும் தெரியும்.