பதினைந்தே நிமிஷம்

ஊருக்கு வெளியே புது பஸ் ஸ்டாண்டைக் கட்டிவிட்டு, "டவுனிலிருந்து பதினைந்தே நிமிஷம்!" என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார் மேயர். இடையில் ஒன்பது ஸ்டாப்.

"முடியாதுங்க ஐயா" என்றார் டிரைவர் மாசானம்.

"முடியலன்னா உன்ன மலை ரூட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்."

திறப்பு விழாவன்று முதல் பஸ்ஸில் மேயரே ஏறினார். மாசானம் எங்கேயும் நிறுத்தவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கட்சிக்காரர்கள் மாலையோடு பின்னால் ஓடிவந்தார்கள்.

"ஏம்ல நிறுத்தல?"

"நிறுத்தினா உங்க போஸ்டர் பொய்யாயிருமே, ஐயா!"

பஸ்ஸே சிரித்தது. மறுநாள் போஸ்டர் ஒன்றுகூடச் சுவரில் இல்லை.

மாசானத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த முதல் ஓட்டத்தில் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி கை காட்டியிருந்தாள். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கண்ணாடியில் அந்தக் கை சின்னதாகி மறைகிறவரை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.