எல்லாரும் ஊளையிட வேண்டும்

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று நடந்தது. கட்டடம் கிடையாது. மணி கிடையாது. ஒரு புளியமரம், அதன் கீழே ஓர் உடும்பு டீச்சர். அவ்வளவுதான்.

உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது. அந்த மார்கழியில் அது பிடித்திருந்தது வலைப்பாடத்தை. தை பிறந்தால் வேடர்கள் வருவார்கள். போன வருடம் மூன்று முயல்குட்டிகள் போயின. வலைக்கயிறு கண்ணுக்குத் தெரியாது. விடிந்ததும் பனித்துளி அதில் கோத்து நிற்கும்போதுதான் தெரியும். வெயில் ஏறினால் அதுவும் இல்லை. எனவே காலையில் கொஞ்ச நேரம்தான் பாடம். டீச்சர் ஒரு பழைய வலைத்துண்டை இரண்டு புதர்களுக்கு நடுவே கட்டி வைத்திருந்தது. தை பிறக்கப் பத்தே நாள்.

அந்த நேரம் பார்த்து வந்தது நரி. பெருமை பிடித்த நரி. அதன் பின்னால் இருபது நரிகள்.

"டீச்சரம்மா, இங்கே பிள்ளைகள் பிரார்த்தனை இல்லாமல் படிக்கிறார்களாமே? அடுக்குமா?"

"வீட்டில் செய்துவிட்டு வரட்டும், நரியண்ணே. யார் வேண்டாம் என்றது?"

"வீட்டில் செய்தால் யாருக்குத் தெரியும்? இங்கே செய்யணும். மூக்கை வானத்துக்குத் தூக்கி நூறு ஊளை."

"முயலுக்கு ஊளை வராதே."

"பழகிக்கொள்ளட்டும். இந்தக் காட்டில் நாங்கள்தான் அதிகம். ஒரு பிள்ளை விடாமல் செய்யணும். செய்யாத பிள்ளை வெளியே. இதுதான் சட்டம்."

உடும்பு நாக்கை ஒரு தடவை நீட்டி உள்ளே இழுத்தது. "ஒரு பிள்ளை விடாமலா? யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"

"ஒரு பிள்ளை விடாமல்!"

"சரி."

மறுநாள் ஊளை. முயல்குட்டிகள் கீச்சிட்டன. ஆமைக்குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. நூறு முடிவதற்குள் பனி காய்ந்துவிட்டது. பாடம் இல்லை.

"ஆகா, என்ன பக்தி!" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அன்று மாலை உடும்பு காடெங்கும் சொல்லி அனுப்பியது. "பிரார்த்தனை உள்ளவர்கள் எல்லாரும் வாருங்கள். முறை வைத்துக்கொள்வோம்."

இரண்டாம் நாள் வௌவால்களின் முறை. எல்லாப் பிள்ளைகளும் புளியமரத்தின் தாழ்ந்த கிளையில் தலைகீழாகத் தொங்க வேண்டும். நரியின் மகன் செவலை மண்டை குத்த விழுந்து, தின்றதைக் கக்கியது.

நரி குதித்துக்கொண்டு வந்தது. "என்ன அக்கிரமம்! என் பிள்ளையைத் தலைகீழாகத் தொங்கவிடுவதா?"

"வௌவால் வீட்டுப் பிரார்த்தனை, அண்ணே. ஒரு பிள்ளை விடாமல்."

"நாங்கள் செய்வது பிரார்த்தனை. இது வெறும் கூத்து!"

கிளையிலிருந்து ஒரு வௌவால் அம்மா கண்ணைத் திறந்தது. "அப்படியா? நேற்று நீங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, யாருக்கோ வயிற்றுவலி என்றல்லவா நினைத்தேன்."

மூன்றாம் நாள் தவளைகள். மார்கழிக் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீர். செவலை வீட்டுக்கு வந்து தும்மித் தும்மிச் சுருண்டது. நரியம்மா அதன் மூக்கைத் துடைத்துவிட்டது. நரியை ஒரு பார்வை பார்த்தது. அது போதும்.

நரி அன்று மாலையே புளியமரத்துக்கு ஓடியது.

"டீச்சரம்மா, நாளைக்கு யார் முறை?"

"முள்ளம்பன்றி."

"அவர்கள் எப்படி...?"

பக்கத்தில் கிழங்கு கடித்துக்கொண்டிருந்த முள்ளம்பன்றி நிமிர்ந்தது. "ரொம்பச் சுலபம், மாமா. பக்கத்தில் நிற்பவரை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். நூறு எண்ணும் வரை விடமாட்டோம். அப்பாக்களும் வந்தால் இன்னும் விசேஷம்."

நரி முள்ளைப் பார்த்தது. முள்ளின் நீளத்தையும் பார்த்தது.

"ஏன் டீச்சரம்மா, அவரவர் வீட்டில் செய்துகொண்டால் என்ன?"

"வீட்டில் செய்தால் யாருக்குத் தெரியும், அண்ணே?"

"தெரிய வேண்டியவருக்குத் தெரியும்!" என்று சொல்லிவிட்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நடந்தது நரி.

அது மறைந்ததும் உடும்பு மெல்லக் கேட்டது. "உங்களில் இப்படி ஒரு பிரார்த்தனை உண்டா என்ன?"

"இன்றைக்கு மத்தியானம் வரை இல்லை, டீச்சர்."

மறுநாள் வலைப்பாடம் நடந்தது. மீதி இருந்தது ஆறு நாள். ஆறு நாளும் நடந்தது.

தை பிறந்த நாலாம் நாள், விடியற்காலை. நரி தன் மகனோடு புதர்வழியே போனது. மூக்கு வானத்தில். வாயில் ஊளை. அதன் ஊளை, அதன் வழி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செவலை அப்பாவின் வாலைக் கடித்து இழுத்தது. "அப்பா, நில்லுங்க!"

"பிரார்த்தனை நடுவே என்னடா பேச்சு?"

"முன்னால பாருங்க. பனித்துளி காத்துல வரிசையாத் தொங்குது!"

நரியின் முன்கால் அந்தரத்தில் நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு மிக மெதுவாகப் பின்பக்கம் இறங்கியது.

அன்று பள்ளிக்கூடத்துக்கு முதலில் வந்தவர்கள் அந்த இருவர்தான்.

"என்ன அண்ணே, இவ்வளவு சீக்கிரம்?" என்றது உடும்பு.

"பனி காய்வதற்குள் பாடத்தைத் தொடங்குங்கள், டீச்சரம்மா," என்றது நரி. "நானும் ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா?"

நீதி: தன் பிரார்த்தனையைப் பிறர்மேல் சுமத்துகிறவன், பிறர் பிரார்த்தனையைத் தானும் சுமக்க வேண்டி வரும்.