மிச்சம் இரண்டு கண்ணி

பலகைத் தரையில் ஒரு குதிகால் விடாமல் தட்டும் சத்தம். கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சீரான சத்தம் இல்லை அது. நாலு தட்டு, ஒரு நிறுத்தம், பிறகு அவசர அவசரமாக ஏழெட்டு. கீழே பேக்கரியில் சம்சுதீன் பாய் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையை இரண்டு இடி இடிப்பார். கொஞ்சம் அடங்கும். மறுபடி ஆரம்பிக்கும்.

அந்தக் குதிகால் இன்னாசிமுத்துவுடையது.

குன்னூரில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் தெருவில், பேக்கரிக்கு மேல் இரண்டு அறைகள். அங்கே நீலாயதாட்சி தொழில் நடத்திவந்தாள். அவள் குல்லா விற்கவில்லை. கம்பளிக் குல்லாவை எப்படிப் பின்னுவது என்று எழுதி விற்றாள். ஊசியில் எத்தனை கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்ற வேண்டும், எந்தச் சுற்றில் நிறம் மாற்ற வேண்டும், உச்சிக்கு வரும்போது எப்படிக் குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்று இரண்டு பக்கம். குளிரடிக்கும் ஊர்களிலெல்லாம் அந்தத் தாளை வாங்கிப் பின்னுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு முப்பத்தாறு வயது. இன்னாசிக்கு ஐம்பத்தொன்று. தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருஷம் கோடு போட்டவர். பிரிவை மூடியபோது வெளியே வந்தார். கால் முறிந்து படுத்திருந்த ஒரு மழைக்காலத்தில் மனைவி ரோசலியிடம் பின்னக் கற்றிருந்தார். பிறகு எழுதக் கற்றுக்கொள்ள நீலாயதாட்சியிடம் வந்தார். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பாய்க்கு அது போதும். இந்த வயசில் டீச்சரா, வீட்டுப்பாடம் எழுதலைன்னா முட்டி போட வைப்பாங்களா என்று படியேறும்போதே கேட்பார். உலகத்துக்கே குல்லா போடப்போகிறார் நம்ம இன்னாசி என்று வர்க்கி வாங்க வந்தவர்களிடம் சொல்லுவார். இன்னாசி சிரிப்பதில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவிடுவார்.

நீலாயதாட்சியிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதுத் தாள் ஒன்று வெளியே போகும் முன்பு, அதை முன்பின் பார்த்திராத நாலு பேர் பின்னிப் பார்க்க வேண்டும். எழுதியவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. தாளில் இருப்பதை இருக்கிறபடியே செய்ய வேண்டும். தப்பு என்று தெரிந்தாலும் செய்ய வேண்டும். என்ன நடந்தது என்பதை ஓரத்தில் பென்சிலால் எழுத வேண்டும்.

அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி.

இன்னாசியின் முதல் குல்லாவுக்குச் ‘சரிவு’ என்று பெயர். எதிர்மலையில் தேயிலை வரிசைகள் வளைந்து வளைந்து ஏறுமே, அதைப் பச்சையிலும் சாம்பலிலும் கொண்டுவந்திருந்தார். பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும். நீலாயதாட்சி இணையத்தில் போட்டிருந்த படத்தை நார்வேயில் ஒரு நூல் கடைக்காரர் பார்த்துவிட்டு இன்னாசிக்கே எழுதினார். குளிர்காலம் தொடங்கும் முன்பு முந்நூறு பேருக்கு நூலும் தாளும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவார்களாம். வருஷத்துக்கு ஒரே ஒரு குல்லா. சனிக்கிழமைக்குள் தாள் வந்து சேர்ந்தால் இந்த வருஷம் சரிவு. வராவிட்டால் இன்னொருவர் காத்திருக்கிறார்.

ரோசலியும் ஒரு தேதி வைத்திருந்தாள். அவள் தம்பி ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசை வேலைக்குச் சொல்லிவைத்திருந்தான். “நார்வே எடுத்தா உட்கார்ந்து குல்லா வரைங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எடுக்கலைன்னா ஒண்ணாம் தேதி என் தம்பி சொன்ன இடத்துக்குக் கிளம்புங்க. நடுவுல உட்கார்ந்து கால் ஆட்டிக்கிட்டு இருக்கிற வேலை வேணாம்.” இதை இன்னாசியே எங்களிடம் சொன்னார், அவள் குரலிலேயே.

இன்னாசி அந்த நாட்களில் எங்கேயும் நிலையாக உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போவார். செல்போனைப் பார்ப்பார். தாளில் ஒரு வரி சேர்ப்பார், அடிப்பார், மறுபடி சேர்ப்பார். டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் என் குல்லாவை எடுத்துக்கொண்டு போனேன். பின்னி முடித்தது நான் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் உச்சிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள் என்று நீலாயதாட்சி அவரிடம் சொல்லியிருந்தாள். அவர்களுடைய தாள்களை இன்னும் காட்டவில்லை.

இன்னாசி என் குல்லாவை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. கண்ணாடியில் பார்த்தார்.

“பாத்தீங்களா டீச்சர்? அக்காவுக்கு வந்திருக்கு. ஒருத்தருக்குச் சரியா வந்தா தாள் சரின்னுதானே அர்த்தம்? மத்தவங்களுக்கு எண்ண வரல.”

நீலாயதாட்சி குல்லாவின் உச்சியையே பார்த்தாள்.

“நாளைக்குள்ள அனுப்பணும். ஒரு தாள் முடிஞ்சுபோச்சுன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது? சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

அவள் எழுந்து அவர் தலையிலிருந்து குல்லாவை எடுத்தாள். உச்சியில் நான் கட்டியிருந்த முடிச்சை வெட்டினாள். நூலைப் பிடித்து இழுத்தாள். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து அது அவள் மடியில் விழுந்தது. இன்னாசி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். குறைக்க ஆரம்பிக்கும் இடம்வரை பிரித்துவிட்டுத் தொண்ணூற்றாறு கண்ணிகளையும் ஊசியில் ஏற்றிக்கொண்டாள்.

“இங்கருந்து படிங்கண்ணா. நான் பின்றேன்.”

“எனக்கு மனப்பாடம் டீச்சர்.”

“தாளைப் பாத்துப் படிங்க.”

அவர் படித்தார். பத்து பின்னி இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கு, சுற்று முழுக்க இப்படியே. அவள் பின்னினாள். அடுத்த சுற்று, ஒன்பது பின்னி இரண்டைச் சேர். பின்னினாள். அடுத்தது, எட்டு பின்னி இரண்டைச் சேர். வெளியே மூடுபனி வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது. அவர் கால் தட்டியது. கீழேயிருந்து கம்பு இடித்தது.

“அடுத்து?”

“எட்டு பின்னி இரண்டைச் சேர்.”

அவள் பின்னினாள். கடைசிக்கு வந்து ஊசியை நீட்டிக் காட்டினாள். இரண்டு கண்ணிகள் மிச்சமாகத் தொங்கின.

“எட்டு இல்ல டீச்சர். ஏழு. ஒவ்வொண்ணாக் குறைஞ்சுதானே வரும்?”

“நீங்க எட்டுன்னு படிச்சீங்க.”

அவர் தாளைப் பார்த்தார். எட்டு என்றுதான் இருந்தது. மேல் வரியிலும் எட்டு, கீழ் வரியிலும் எட்டு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இந்தத் தாளை முன்னால வச்சுக்கிட்டு ஆறு குல்லா பின்னியிருக்கேன்.”

“பின்னினீங்க. படிக்கல.”

நான் என் கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் என் கண்ணும் எட்டைத்தான் பார்த்தது. கை ஏழுக்குப் போய்விட்டது. நாற்பது வருஷமாகப் பின்னுகிற கை. ஓரத்தில் எழுத வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். இவ்வளவு அழகாக வருகிறதே, இதைப் போய் எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இன்னாசிக்கு அதற்குள் முகம் தெளிந்துவிட்டது. பேனாவை எடுத்து எட்டை அடித்து ஏழு என்று எழுதினார். அவ்வளவுதான், ஒரே ஒரு எண், அஞ்சு நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் மாற்றி அனுப்பிவிடலாம் என்றார். எழுந்தே நின்றுவிட்டார்.

நீலாயதாட்சி என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இங்க உங்க கை தானாப் போயிருக்கு. வேற எங்கயாவது போச்சா?”

யோசித்தேன். உச்சியில் இன்னும் ஏழு சுற்று. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பின்னியது நினைவிருந்தது. படித்தது நினைவில்லை.

“தெரியலம்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பிறகு இன்னாசியிடம் நிதானமாகச் சொன்னாள். மூன்று பேர் இந்தச் சுற்றோடு நிறுத்திவிட்டார்கள். நீங்களும் அக்காவும் பின்னினீர்கள், படிக்கவில்லை. நான் இத்தனை நாள் இந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து என் கையும் கற்றுக்கொண்டுவிட்டது. இதற்கு அப்புறம் வரும் வரிகளை இதுவரை ஒருவரும் படித்துப் பின்னவில்லை.

“அவங்களையே இப்ப மிச்சத்தைப் பின்னச் சொல்லலாமே?”

நீலாயதாட்சி காலையிலேயே கேட்டுவிட்டாள். கோத்தகிரிக்காரர் குல்லாவை வீட்டில் போட்டுவிட்டுக் கோவைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மற்ற இருவரும் வெளியூர், பிரித்து நூலைச் சுற்றிவிட்டார்கள். தாளைப் பார்க்காத புதுக் கை பக்கத்தில் கிடைக்கவில்லை. முதலிலிருந்து பின்னி முடிக்க மூன்று நாளாவது ஆகும்.

“சனிக்கிழமை போயிடும் டீச்சர்.”

“ஆமா.”

“ஒரே ஒரு எண்.”

“தெரிஞ்சது ஒரு எண்.”

அவர் ஜன்னலுக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். அனுப்பக் கூடாது என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். உங்கள் தாள், உங்கள் பெயர், என்னைக் கேட்க என்ன இருக்கிறது என்றாள் அவள். அது அவரை இன்னும் கிளறிவிட்டது.

“வச்சுக்குவோம், மேல இன்னொரு தப்பு இருக்குன்னே வச்சுக்குவோம். முந்நூறு பேரும் பின்னத் தெரிஞ்சவங்கதானே? இந்த அக்கா மாதிரி தானா சரி பண்ணிக்கிட்டுப் போறாங்க. ஒரு குல்லா. உயிரா போகப்போகுது?”

நீலாயதாட்சி மேசை இழுப்பறையைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள். கூடலூரிலிருந்து வந்தது. அனுப்பியவள் மரகதவல்லி, நிறுத்திவிட்ட மூன்று பேரில் ஒருத்தி. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். இன்னாசி வாய்விட்டே படித்தார்.

“மூணு தடவ பிரிச்சேன். மூணு தடவயும் ரெண்டு கண்ணி மிச்சம் வருது. எண்ணிக்கை எனக்குத் தப்பிப்போகுது போல. கண்ணும் முன்ன மாதிரி இல்ல. தாளக் கெடுக்காம மடிச்சு அனுப்பறேன். இனிமே எனக்கு அனுப்ப வேணாம். மன்னிச்சுக்குங்க.”

கடைசி வரியை அவர் மெதுவாகப் படித்தார்.

“இவங்க எத்தனை வருஷமாப் பின்றாங்க?”

“முப்பத்தெட்டு.”

“எனக்கு எண்ணத் தெரியலன்னு இவங்களா எழுதியிருக்காங்க?”

“நீங்களும் அதைத்தான் சொன்னீங்க. குல்லாவை மாட்டினவுடனே.”

அவர் உட்கார்ந்தார். கீழே பாய் யாரிடமோ தட்டு கழுவச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே குதிகால் தட்டவில்லை.

“நான் கூடலூருக்குப் போய்ப் பாக்கறேன். தப்பு என்மேலன்னு நேராச் சொல்றேன். திங்கக்கிழமையே போறேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தாளை மட்டும் நாளைக்கு அனுப்பிடறேனே டீச்சர். முந்நூறு பேர்ல இப்படி ஒருத்தர் இருப்பாங்களா, அதிகம் போனா ரெண்டு பேர்.”

நீலாயதாட்சி தொங்கிக்கொண்டிருந்த இரண்டு கண்ணிகளையும் ஊசியிலேயே விட்டுவிட்டு, குல்லாவை மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

“அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லுங்கண்ணா. அவங்க பெட்டியில மட்டும் வைக்க வேணாம்னு எழுதிடலாம்.”

இன்னாசி தாளை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

சனிக்கிழமை நார்வேக்கு எதுவும் போகவில்லை. ஒண்ணாம் தேதி காலையில் இன்னாசிமுத்து ஓட்டல் வேலையில் சேர்ந்தார். அறுபது வயது முடியும்வரை அந்த வரவேற்பு மேசையில்தான் இருந்தார்.