மூச்சைக் கவனித்தவன்

ஒரு ஊரிலே ஒரு குரு இருந்தார். அவருக்கு ஒரே ஒரு சீடன். அந்த ஒருவனே அவருக்குப் போதும் போதும் என்றிருந்தது.

சீடன் பேர் நாச்சிமுத்து. குருவின் வயதுதான் அவனுக்கும். முன்கோபி. கோபம் வந்தால் கண்ணை மூடி மூச்சைக் கவனி என்று குரு சொல்லிக் கொடுத்திருந்தார். அவனும் விடாமல் கவனித்தான். கோபத்துக்கு மட்டும் என்றில்லை, எது வந்தாலும் கவனித்தான்.

ஒரு நாள் காலையில் அவன் மனைவி செல்லாத்தாள் துணிமூட்டையோடு மடத்துக்கு வந்தாள். குருவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த புருஷனை அவள் பார்க்கவே இல்லை. குருவிடம்தான் பேசினாள். தாய்வீட்டுச் சீராக வந்த மாடு கன்று போட முடியாமல் நேற்று செத்துப்போனதாம். அவள் தொழுவத்தில் விழுந்து அழுதிருக்கிறாள். நாச்சிமுத்து பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டானாம். குழி வெட்டக்கூட அடுத்த வீட்டுக்காரர்தான் வந்தாராம்.

“முன்னெல்லாம் கத்துவாருங்க சாமி. அப்பக்கூட வீட்டுல ஒரு ஆள் இருந்தாரு. இப்ப பொம்மையோட குடித்தனம் பண்றேன். எங்கண்ணன் வீட்டுக்குப் போறேனுங்க. இனி வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

நாச்சிமுத்து கண்ணை மூடினான்.

“பாத்தீங்களா,” என்றாள் செல்லாத்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

குரு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு சீடனின் முழங்காலில் தட்டினார். ஒரு தட்டுக்கு அவன் கண்ணைத் திறக்கவில்லை; இரண்டாவது தட்டுக்குத்தான் திறந்தான்.

“மாடு செத்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?”

“அமைதியா இருந்தேன் சாமி.”

“நீ எப்படி இருந்தேன்னு கேக்கலை. உனக்கு எப்படி இருந்துச்சு?”

நாச்சிமுத்து யோசித்தான். குருவுக்கு ஒரு கண் வாசலிலேயே இருந்தது. கடைசியில், அழுகை முட்டிக்கொண்டு வந்தது என்றான். அவள் அழுவதைப் பார்க்கப் பயமாக இருந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால்தான் கண்ணை மூடினேன் என்றான்.

“இதை அவகிட்ட சொன்னியா?”

“சொல்ல வாயத் திறந்தா அழுதிருவேனே சாமி.”

“அழேன்.”

“மனசு கொஞ்சம் அடங்கட்டும். அப்புறம் போய்ச் சொல்றேன்,” என்று நாச்சிமுத்து சம்மணத்தைச் சரிசெய்துகொண்டான்.

செல்லாத்தாள் குளத்தங்கரையைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

“மூச்சு எங்கேயும் போயிடாதுப்பா,” என்றார் குரு. “அவ போறா.”

நாச்சிமுத்து எழுந்தான். துண்டைக்கூட எடுக்காமல், அழுதுகொண்டே, குளத்தங்கரைப் பக்கம் நடந்தான்.